மாநகராட்சியும் எளியோரும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

நகரம் என்றதும் நம் கண்முன் வருவன மேம்பாலங்களும், மாடி வீடுகளும், விளக்கொளியில் மின்னும் கடைவீதிகளுமே. இவை பெருகினால் நகரம் வளர்ந்துவிட்டது என்கிறோம். நாளேடுகளும் அவ்வாறே எழுதுகின்றன. ஆனால் மேம்பாலத்தின் மேலே விரைபவரும் அதன் கீழே படுத்துறங்குபவரும் ஒரே நகரத்தின் குடிமக்கள் அல்லவா? இவ்விருவரையும் கணக்கில் கொண்டு நகரம் வளருமானால், அதனை அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி என்று பொருளாதார அறிஞர்கள் அழைக்கின்றனர். அவ்வளர்ச்சியில் மாநகராட்சிக்குள்ள பங்கு யாது, அப்பங்கை ஆற்றும் அதிகாரம் அதனிடம் இருக்கிறதா என்பதைச் சென்னையை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னையை நான் எடுத்துக்கொண்டது பிறந்த ஊர்ப் பற்றினால் மட்டும் அன்று. 1688 செப்டம்பர் 29-ஆம் நாள் தொடங்கப்பட்ட சென்னை மாநகராட்சி, இந்தியாவிலேயே மிகப் பழமையானது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அனுபவமுள்ள ஓர் அமைப்பால் எளியோருக்கு என்ன செய்ய முடிந்தது, என்ன செய்ய முடியவில்லை என்று பார்த்தால், மற்ற ஊர்களுக்கும் அது பயன்படும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் எனக்குக் கிடைத்த பதவிகளுள் ஒன்று, தெருவுக்கு மனு எழுதிக் கொடுக்கும் பதவி. "தம்பி, நீதான் படிச்ச புள்ள, ரெண்டு வரி எழுதிக் குடு" என்று மாலை வேளைகளில் யாராவது வந்து நிற்பார்கள். மனுவில் கடினமான பகுதி உள்ளே எழுதும் செய்தி என்றுதான் முதலில் எண்ணியிருந்தேன். இல்லை, 'பெறுநர்' என்ற இடத்தில் யாரை எழுதுவது என்பதுதான் கடினம்.

தெருவிளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சிக்கு எழுதலாம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னைக் குடிநீர் வாரியத்துக்கு எழுத வேண்டும். மழைநீர்க் கால்வாய் மாநகராட்சியைச் சேர்ந்தது. அதற்கு நான்கடி தள்ளி ஓடும் கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தது. இரண்டும் ஒன்றாகக் கலந்து தெருவில் ஓடும்போது எந்த நீர் எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது என்று முகர்ந்துதான் பார்க்க வேண்டும்! அடுக்குமாடிக் குடியிருப்பில் கூரைப் பூச்சு உதிர்ந்தால், 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தோன்றி 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய அமைப்புக்கு எழுத வேண்டும். பேருந்துக்குப் போக்குவரத்துக் கழகம். எந்த நிலத்தில் வீடு வரலாம், எதில் தொழிற்சாலை வரலாம் என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டுவது பெருநகர் வளர்ச்சிக் குழுமம்.

இத்தனை அமைப்புகளுள், வார்டு வார்டாக நம் வாசலில் வந்து நின்று வாக்குக் கேட்பது மாநகராட்சியின் மாமன்ற உறுப்பினர் ஒருவரே. மற்றவை அனைத்தும் மாநில அரசின் வாரியங்கள், கழகங்கள். ஆகவே எந்தக் குறை நேர்ந்தாலும் மக்கள் மாமன்ற உறுப்பினரையே ஏசுகிறார்கள். அந்த ஏச்சில் பாதி அவருக்கு உரியதன்று.

இந்நிலையை மாற்றத்தான் அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1992-ல் நிறைவேறி, 1993 சூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சி மன்றங்களுக்கு உரியவையாகப் 18 பணிகளை அதன் பன்னிரண்டாம் அட்டவணை எண்ணிச் சொல்கிறது. குடிநீர் வழங்கல், நகரத் திட்டமிடல், குடிசைப் பகுதி மேம்பாடு, நகர்ப்புற வறுமை ஒழிப்பு, நலிந்த பிரிவினரின் நலன் காத்தல் ஆகிய யாவும் அதில் உண்டு. படிக்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் அதிகாரம் வழங்கும் பிரிவில், மாநிலச் சட்டமன்றம் இப்பணிகளுக்கான அதிகாரத்தை 'அளிக்கலாம்' என்று இருக்கிறதேயன்றி 'அளிக்க வேண்டும்' என்று இல்லை. 'ஆகும்' என்பதற்கும் 'ஆகலாம்' என்பதற்கும் உள்ள தொலைவைக் கணிதம் பயில்வோர் நன்கு அறிவர். சென்னையின் தண்ணீரும், வீடும், வரைபடமும் இன்னும் அந்தத் தொலைவில்தான் நிற்கின்றன.

மாநில அரசின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வீராணம் ஏரியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டு வருவது ஒரு நகர மன்றத்தால் ஆகிற காரியமா? பல மாவட்டங்களைக் கடக்கும் பெரும்பணிக்குப் பெரிய கை வேண்டும். ஆனால் வந்து சேர்ந்த தண்ணீரை எந்தத் தெருவுக்கு எத்தனை மணி நேரம் விடுவது என்பது வார்டுக்கு உரிய கேள்வி. குழாயின் நீளத்தைக் காட்டி, அதன் முனையில் நிற்பவரின் உரிமையையும் சேர்த்து எடுத்துக்கொள்வது முறையாகுமா?

அதிகாரம் குறைவாக இருந்தும் மாமன்றம் மனம் வைத்தபோது என்ன நடந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் சென்னை நகர மன்றத்தின் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பரில், ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்க்கு மதிய உணவு வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. ஓர் அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. பள்ளியில் சேர்க்கை கூடியது. வேறு சில பள்ளிகளுக்கும் திட்டம் பரவியது. 1925-ல், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கில அரசு மறுத்ததால் அது நின்று, பின்னர் மீண்டும் தொடங்கப்பட்டது. அன்றைய நகர மன்றம் எல்லோரும் வாக்களித்துத் தேர்ந்த மன்றம் அன்று. சொத்துடையோர் சிலரின் வாக்கில் அமைந்தது. அப்படிப்பட்ட மன்றத்துக்கே தன் பள்ளியில் எந்தப் பிள்ளை பசியோடு உட்கார்ந்திருக்கிறது என்பது கண்ணில் பட்டது. பள்ளி அதன் கையில் இருந்ததால் பட்டது.

அங்கே முளைத்த எண்ணமே 1956-ல் காமராசர் காலத்திலும், 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்திலும் மாநிலத் திட்டமாக விரிந்தது. 2022-ல் காலை உணவாகவும் வளர்ந்தது. மாநகராட்சியே 2013-ல் தொடங்கிய மலிவு விலை உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைத்தது. சுமை தூக்கும் என் தந்தை அதில் உண்டவர். அவர் மொழியில் நகர வளர்ச்சிக்கு அதுவே இலக்கணம்.

இனி வீட்டுக்கு வருவோம். எளியோர் நகரத்தில் உள்ளடக்கப்பட்டாரா, வெளியேற்றப்பட்டாரா என்பதை வீட்டைப்போல் காட்டும் கண்ணாடி வேறில்லை. குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில் நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. 1977-ல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் வேறொரு முறையைக் கையாண்டனர். மனையும், சாலையும், குழாயும் அரசு தரும். வீட்டை மக்கள் தம் வருவாய்க்கேற்பச் சிறுகச் சிறுகக் கட்டிக்கொள்ள வேண்டும். சிறு மனைகளும் பெரு மனைகளும் அருகருகே இருந்தன. கூலித் தொழிலாளியும் குமாஸ்தாவும் ஒரே கடையில் பால் வாங்கினர். இன்று அப்பகுதிகளில் நடந்து பார்ப்பவர் எது ஏழைக்கு ஒதுக்கிய மனை என்று எளிதில் சொல்ல முடியாது. என் கருத்தில், சென்னையில் நடந்த நல்ல காரியங்களுள் அது ஒன்று. அது ஏன் தொடரவில்லை என்பதே வியப்பு.

நிலத்தின் விலை ஏறியது. 2000-ஆம் ஆண்டிலிருந்து நகரின் தெற்கே ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் உருவாயிற்று. 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பின்னர் பெரும்பாக்கம். 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்தோர் பலர் அங்கே அனுப்பப்பட்டனர். ஆற்றங்கரையில் பாய் நனைந்து விழித்த எவரும் அங்கேயே இருக்க வேண்டும் என்று வாதாடமாட்டார். கேள்வி, எங்கே கொண்டு போய் விடப்பட்டார்கள் என்பதே.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. கண்ணகி நகருக்கு மக்கள் வந்தபோது ஒக்கியம் துரைப்பாக்கம் ஓர் ஊராட்சி. 2011-ல்தான் அது சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அதாவது, நகரத்தின் வாக்காளராக லாரியில் ஏறியவர், கிராம ஊராட்சியின் வாக்காளராக இறங்கினார். ஒரு சிற்றூராட்சியின் தலைமேல் ஒரு நகரத்துக் கூட்டம் இறக்கி வைக்கப்பட்டது. அவர்களை இடம் மாற்றிய முடிவு மாமன்றத்தின் முடிவன்று; இடம் மாறிய பின் அவர்களுக்காகப் பேச வேண்டிய கட்டாயமும் மாமன்றத்தில் எவருக்கும் இல்லை.

என் சித்தியின் குடும்பமும் நகருக்கு வெளியே ஒரு குடியிருப்புக்குப் போன குடும்பம். பழைய இடத்தில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கி, மதியம் வந்து சோறாக்கி, மாலை மீண்டும் நடந்தே போய் வருவார். போன பிறகு விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு இரண்டு பேருந்து மாற வேண்டியிருந்தது. ஆறு மாதத்தில் மூன்று வீட்டு வேலை போயிற்று. சித்தி மகன் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டான். 2021-ல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின் சித்தியின் செலவு குறைந்தது. வழியில் கழியும் நேரம் குறையவில்லை. கான்கிரீட் கூரை கிடைத்தது உண்மை. மழை ஒழுகுவதில்லை என்பதும் உண்மை. "மழைதான் வருஷத்துல ரெண்டு மாசம், வேலை பன்னிரண்டு மாசமும் வேணுமே" என்றார் சித்தி.

தண்ணீருக்கு வருகிறேன். மத்திய அரசின் குடிநீர்க் கையேடு ஒன்று 1999-ல் வெளியானது. ஆளுக்கு நாள் ஒன்றுக்கு எவ்வளவு நீர் எனக் கணக்கிட்டுத் திட்டம் தீட்ட வேண்டும் என்பதற்கான அளவுகள் அதில் உள்ளன. கழிவுநீர்க் குழாய் வசதியுள்ள பெருநகரங்களில் வீட்டு இணைப்பு உள்ளவருக்கு 150 லிட்டர். தெருக் குழாயில் பிடிப்பவருக்கு 40 லிட்டர். ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்னவருக்குப் பத்துக் குடம். பின்னவருக்கு மூன்று குடம்கூடத் தேறாது. திருகினால் வரும் வீட்டுக்கு அதிகம், இடுப்பில் சுமக்கும் வீட்டுக்குக் குறைவு. இரண்டையும் கூட்டி வகுத்து, நகரத்தின் சராசரி இவ்வளவு என்று அறிக்கையில் எழுதிவிட்டால், அந்தச் சராசரியில் நம் தெரு காணாமல் போய்விடும். புள்ளியியல் வகுப்பில் சராசரியோடு விலக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் வற்புறுத்துவார். நகர அறிக்கைகளுக்கும் அந்த விதி பொருந்தும். நகரத்தைச் சராசரியாகப் பார்க்கும் கண் எல்லா வாரியங்களுக்கும் உண்டு. வார்டு வார்டாகப் பிரித்துப் பார்க்கும் கண் மாமன்றத்துக்கு மட்டுமே இயல்பாக அமைந்தது.

மாநகராட்சியின் சொந்தக் கையில் உள்ளவற்றுள் முக்கியமானது சாலையும் நடைபாதையும். 2014-ல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது. அதன்படி போக்குவரத்துக்கான நிதியில் நூற்றுக்கு அறுபது பங்கையேனும் நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் செலவிட வேண்டும். காரில் செல்பவரை மட்டுமே மனிதராக மதித்து வந்த சாலைகளில் இது புரட்சி எனில் மிகையாகாது. ஆனால் நடைபாதை நடப்பவருக்கு மட்டும் உரியதா? என் தாய் மாலையில் தெருவோரம் இட்லிக் கடை போடுபவர். அவர் கடை போடும் சாலையில் நடைபாதை அகலமாகி, கல் பதித்து அழகாயிற்று. அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நடக்க நல்லாத்தான் இருக்கு. என் அடுப்ப எங்கடா வைக்கிறது?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை.

விடை சட்டத்தில் இருக்கிறது. அதே 2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெரு வியாபாரிகள் சட்டம், ஒவ்வொரு நகரிலும் விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அக்குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகள் தமக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடித்துச் சான்று வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. தியாகராய நகர்ப் பாண்டி பசாரில் 2013-லேயே நடைபாதைக் கடைகள் வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டு, 2019 நவம்பரில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. அங்கே இளைஞர்கள் அமர்ந்து பேசுவதைப் பார்க்க இனிமையாக இருக்கிறது. ஓர் அணாவில் சோறு போட்ட தியாகராயரின் பெயர் தாங்கிய சாலை அது. அதே அழகை அடுப்புக்கும் இடம் விட்டுச் செய்ய முடியாதா? வரைபடத்தில் மரத்துக்கு இடம் குறிக்கும் பொறியாளர் கடைக்கும் நான்கடி குறிப்பது பெரிய காரியமன்று.

செலவுக்குப் பணம் வேண்டுமே என்பர். மாநகராட்சியின் சொந்த வருவாயில் தலையாயது சொத்து வரி. சென்னையில் 1998-ல் திருத்தியமைத்த பிறகு 2022 வரை, 24 ஆண்டுகள் அதைப் பொதுவாக உயர்த்தவில்லை. மக்கள்மீது இரக்கம் என்று இதனைச் சொல்வதுண்டு. எந்த மக்கள்? இடைக்காலத்தில் நிலமதிப்பு பன்மடங்கு ஏறியது பெரிய மாளிகைகளுக்கே. 2022-ல் உயர்த்தியபோது பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு நூற்றுக்கு 50-உம், 1800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 150-உம் எனப் படிநிலை வைத்தனர். படிநிலை வைத்தது நேர்மை. காலம் கடத்தாமல் செய்திருந்தால் சிறு வீட்டுக்காரரும் ஒரே நாளில் அதிர்ந்திருக்கமாட்டார்.

வரி வாங்குவதில் படிநிலை வைக்கலாம் என்றால் செலவிடுவதிலும் வைக்கலாம் அல்லவா? அதற்குப் பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரி என்ற நகரம் வழி காட்டியது. 1989 முதல் அந்நகர ஆட்சி, ஊரைப் பதினாறு வட்டாரங்களாகப் பிரித்து, புதிய பணிகளுக்கான நிதியை மக்கள் கூட்டங்களில் பேசி முடிவு செய்தது. பேச்சோடு விடவில்லை, ஒரு கணக்கும் வைத்தது. வட்டாரத்தின் மக்கள்தொகைக்கு ஓர் எடை. அங்கே சாலையோ குழாயோ எவ்வளவு குறைவாக உள்ளது என்பதற்கு ஓர் எடை. மக்கள் எதை முதலில் கேட்கிறார்கள் என்பதற்கு ஓர் எடை. மூன்றையும் பெருக்கிக் கூட்டி நிதியைப் பங்கிட்டனர். சத்தம் போடுபவருக்கு அதிகம் என்ற நிலை மாறி, இல்லாதவருக்கு அதிகம் என்றாயிற்று. 1988-ல் நூற்றுக்கு 75 ஆக இருந்த குடிநீர், கழிவுநீர் இணைப்பு பெற்ற வீடுகள் 1997-ல் 98 ஆயின. 2004 தேர்தலில் ஆட்சி மாறியபின் அந்த முறை மெலிந்தது. சட்டத்தின் வேலியில்லாமல் ஒரு கட்சியின் விருப்பத்தில் நிற்கும் ஏற்பாட்டுக்கு ஆயுள் அவ்வளவே.

நம் ஊரில் 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரிவரை தேர்தலே நடக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அதிகாரிகளே நகரத்தை நடத்தினர். குப்பை அள்ளப்பட்டது; விளக்கு எரிந்தது. ஆனால் எந்தத் தெருவில் அள்ளவில்லை என்று கேட்க அவையில் ஒரு வாய் இல்லை. 2022 தேர்தலில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. வடசென்னையின் திரு.வி.க. நகரைச் சேர்ந்த ஆர். பிரியா அவ்வாண்டு மார்ச்சில் மேயரானார். அப்பதவிக்கு வந்த முதல் தலித் பெண் அவர். எங்கள் பக்கத்தில் அன்று பட்டாசு வெடித்தவர்களுள் எந்தக் கட்சியையும் சேராதவரும் இருந்தனர்.

அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் உள்ளாட்சி நாளன்று, கிராமசபைபோல நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முறையாக நடந்தன. அதன்பின் எங்கள் பகுதியில் நடந்த ஒரு கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். வந்தவர் ஐம்பது பேருக்குள். பெரும்பாலோர் பெண்கள். பொதுக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஒருவர் சொன்னார். அடுத்த வாரம் தாழ்ப்பாள் வந்துவிட்டது. தண்ணீர் இரவு இரண்டு மணிக்கு வருகிறது என்று மற்றொருவர் சொன்னார், அது குறித்துக்கொள்ளப்பட்டது. தாழ்ப்பாள் மாநகராட்சியின் கையில் இருந்தது, தண்ணீர் இல்லை. கேட்பதற்கு ஓர் அவையும், கொடுப்பதற்கு ஒரு கையும் ஓரிடத்தில் இருந்தால் எவ்வளவு விரைவில் காரியம் நடக்கிறது என்பதை அந்தத் தாழ்ப்பாளில் பார்த்தேன்.

அச்சபைகளிலும் ஒரு குறை உண்டு. பகுதியின் பிரதிநிதியை அப்பகுதி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அவர் நியமிக்கப்படுகிறார். இதனைத் தேர்தலாக மாற்ற வேண்டும். குடிநீர் வாரியப் பொறியாளரும் வாழ்விட வாரிய அலுவலரும் கூட்டத்துக்கு வந்து பதில் சொல்லியாக வேண்டும் என்று விதி செய்ய வேண்டும். இடம் மாற்றப்படும் குடும்பங்களின் பட்டியல், அவர்கள் போகுமுன்னரே அச்சபையில் படிக்கப்பட வேண்டும். இவற்றுக்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை; மாநிலச் சட்டமன்றத்தின் மனம் போதும்.

அடுத்த கூட்டத்துக்காக எங்கள் வகுப்பு நண்பர்கள் நால்வரும் நானும் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கியிருக்கிறோம். எத்தனை வீட்டுக்கு ஒரு தெருக் குழாய், அதில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, யார் பிடிக்கிறார், எத்தனை குடம் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்வதால் மெதுவாகத்தான் நகர்கிறது. இதுவரை மூன்று தெருக்கள் முடிந்திருக்கின்றன.